முட்டுத்தெருவும் ஐம்பத்திரண்டு மனைகளும்

மார்ச் 4, செவ்வாய்

பழைய நாற்றுப்பண்ணை நிலத்தின் ஃபைல் இன்று என் மேஜைக்கு வந்தது. ஐம்பத்திரண்டு மனை, பேருக்கு ஒரு பூங்கா, நடுவில் நெளிந்து நெளிந்து ஒரு சாலை. வரைபடத்தில் மரங்கள் எல்லாம் ஒரே அளவில் பச்சை வட்டங்கள். மரத்தைப் பார்த்தே இராத ஆள் வரைந்த மரங்கள். இதெல்லாம் வழக்கம்தான். நுழைவாயில் எங்கே என்று தேடினேன். தெற்கு மூலையில் ஒரு அம்புக்குறி. அது நேராக அக்கா தெருவுக்குள் குத்திக்கொண்டு நின்றது.

அக்கா வீடுதான் அந்தத் தெருவின் கடைசி வீடு. அதைத் தாண்டினாலும் வீட்டுக்குப் பின்னாலும் பண்ணைச் சுவர், தெரு அங்கேயே முட்டி நின்றுவிடும். அந்தச் சுவரை இடித்துத் தெருவை உள்ளே இழுத்துக்கொண்டு போகிறார்களாம். ஐம்பத்திரண்டு வீட்டுக் கார், ஸ்கூல் வேன், தண்ணீர் லாரி, எல்லாம் அக்கா வாசல் வழியாக.

உடனே மேலதிகாரி அறைக்குப் போனேன். இவருக்கு நாங்கள் வைத்த பெயர் பஞ்சு. யார் எதைச் சொன்னாலும் உறிஞ்சிக்கொள்வார். யார் அழுத்துகிறார்களோ அவர்கள் கையில் சொட்டுவார்.

"சார், எங்க அக்கா அந்தத் தெருவுலதான் இருக்காங்க. இதை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

"வேற யாரு இருக்கா? திட்டப் பிரிவுல நீங்க ஒண்ணு, அந்தப் புதுப் பொண்ணு ஒண்ணு. அது இப்பத்தான் வேலை கத்துக்குது. நீங்க சொல்லிட்டீங்கல்ல, அது போதும். நீங்களே பாருங்க."

சொல்லியாயிற்று. போதுமா?

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். போயிருக்கக் கூடாது. போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்பாள். எப்படியும் அகப்பட்டுக்கொள்வதுதான்.

சிட்டு வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள். அக்காவின் ஒரே மகள். இருபத்தாறு வயது ஆகிறது. பிறந்ததிலிருந்தே எதையும் மெதுவாகத்தான் பிடித்துக்கொள்வாள், பிடித்துக்கொண்டால் விடமாட்டாள். காலையில் சலவைக்கடையில் துண்டு மடிக்கும் வேலை. அவள் மடித்த அடுக்கில் ஓரம் பிசகாது. சாயங்காலம் ஆனால் தெருவில் நடப்பாள். நடுரோட்டில், கையை வீசிக்கொண்டு, பண்ணைச் சுவர் வரை, திரும்பி முனைவரை, மறுபடி சுவர் வரை. பின்னால் ஹார்ன் அடித்தால் ஒதுங்கமாட்டாள். நின்று, யார் என்று திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். அதனால்தான் இந்த உலகத்தில் வண்டி அதிகம் வராத அந்த ஒரு தெருவில் மட்டும் அவளைத் தனியாக விடுகிறார்கள்.

டீயை என் முன்னால் வைத்துவிட்டு அக்கா எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்த ஃபைல நீதான் பாக்குறியாமே. பல் டாக்டர் சொன்னார்."

பல் டாக்டர்தான் அவர்கள் தெருச் சங்கத்தின் செயலாளர். எங்கள் அலுவலகத்தில் எந்த மேஜையில் என்ன இருக்கிறது என்று எனக்கு முன்னால் அவருக்குத் தெரியும்.

"அக்கா, ஃபைலைப் பத்தி நான் வீட்ல பேசக் கூடாது."

"நான் எங்கடி ஃபைலப் பத்திப் பேசுறேன்? சிட்டுவப் பத்திப் பேசுறேன்." டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். "நீ இருக்கும்போது எங்களுக்கு என்ன பயம்?"

கேட்பதற்கு நம்பிக்கை மாதிரி இருக்கும். இல்லை. அது உத்தரவு. அம்மா போனதிலிருந்து எனக்குத் தலைவாரி, சோறு போட்டு, படிக்க வைத்தவள் இடும் உத்தரவு.

டீ ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

மார்ச் 13, வியாழன்

நிலத்தைப் பார்க்கப் போனேன். கண்ணாடிக் கூடங்கள் எல்லாம் சட்டம் மட்டும் நிற்கின்றன. உடைந்த தொட்டிகள், ஆள் உயரப் புல். தண்ணீர் தேங்கும் பள்ளம் ஒன்று வரைபடத்தில் இல்லை, நேரில் இருக்கிறது. குறித்துக்கொண்டேன்.

பில்டர் தன் வெள்ளை ஷூவைக் காப்பாற்றியபடி கூடவே வந்தார். நடுவில் சட்டென்று மழை பிடித்துக்கொண்டது. அவர் காரிலிருந்து ஒரு பெரிய குடையைக் கொண்டுவந்து என் தலைக்கு மேல் பிடித்தார். வேண்டாம் என்றேன். "பேப்பர் நனையுது மேடம்" என்றார். பேப்பர் நனைந்துகொண்டுதான் இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

ஒரு போட்டோ சுற்றிக்கொண்டிருக்கிறது. சுவருக்கு மேலாக யாரோ மாடியிலிருந்து எடுத்தது. நான் தலை குனிந்து ஏதோ எழுதுகிறேன். பில்டர் சிரித்துக்கொண்டு எனக்குக் குடை பிடிக்கிறார். கீழே எவனோ எழுதியிருக்கிறான்: 'யாருக்கு யார் நிழல்?'

என் வீட்டுக்காரர்தான் தன் போனில் காட்டினார். லிஃப்ட் ரிப்பேர் செய்யும் மனுஷன். வேலை செய்யும் கட்டடத்திலெல்லாம் ஏதாவது ஒரு குழுவில் சேர்த்துவிடுவார்கள். "லிஃப்ட் பாதியில நின்னா மேல் மாடிக்காரனும் என்னைத்தான் திட்டுவான், கீழ் மாடிக்காரனும் என்னைத்தான் திட்டுவான். சாப்பிட வா," என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 19, புதன்

பல் டாக்டர் மனுவோடு வந்தார். தெருவில் எல்லா வீட்டுக் கையெழுத்தும் இருக்கிறது. மேலே முதல் கையெழுத்து அக்காவுடையது.

மனுவில் தண்ணீர், சாக்கடை, போக்குவரத்து, குழந்தைகள் பாதுகாப்பு என்று எல்லாம் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறார்கள். அதைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் மரியாதையோடு வாங்கி வைத்திருப்பேன். அவர் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "வீடே வேணாம்னு நாங்க சொல்லலம்மா. ஆனா மனை அளவப் பாத்தீங்கல்ல? இவ்வளவு சின்ன மனைன்னா எப்படிப்பட்ட ஆளுங்க வருவாங்கன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"எப்படிப்பட்ட ஆளுங்க சார்?"

"உங்களுக்கே தெரியும்."

தெரியும். நானும் அக்காவும் அதைவிடச் சின்ன வீட்டில்தான் வளர்ந்தோம். ஒரே அறை. படுத்தால் என் கால் அடுப்பில் இடிக்கும். அக்கா அந்த மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இந்த ஆள் அவளிடமும் இதே மாதிரி குரலைத் தாழ்த்தினாரா? அவள் தலையாட்டினாளா?

இந்த வாயைத் திறந்து வைத்துக்கொண்டுதானே இவர் ஊர் வாய்க்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறார்.

மார்ச் 27, வியாழன்

அறிக்கையை முடித்துவிட்டேன்.

வீடு கட்டலாம். ஊரில் வாடகைக்கு வீடு தேடி அலைகிறவர்களைக் கவுன்ட்டரில் தினமும் பார்க்கிறேன். அந்த நிலத்தில் புல் வளர்த்து யாருக்கு என்ன லாபம்? பள்ளத்தில் இருக்கும் எட்டு மனைகளை எடுத்துவிட்டு அங்கே தண்ணீர் இறங்க வழி விட வேண்டும். வண்டிப் பாதை வடக்கே பெரிய சாலையிலிருந்துதான் வர வேண்டும். அக்கா தெரு அகலம் போதாது. ஒரு தீயணைப்பு வண்டி உள்ளே நிற்கும்போது எதிரே ஒரு கார் வந்தால் இரண்டும் அப்படியே நிற்க வேண்டியதுதான். அந்தப் பக்கம் குட்டைக் கம்பங்கள் நட்டு, ஆள் நடக்க மட்டும் வழி. அவசரத்துக்குக் கம்பத்தைக் கழற்றிக்கொள்ளலாம்.

வடக்கில் ஒரே சிக்கல், ஒரு துண்டு நிலம் குளிர்பதனக் கிடங்குக்காரருக்குச் சொந்தம். பில்டர் அவரிடம் பேசி வாங்க வேண்டும். பேசவே இல்லை. பேசாமல் இருப்பதற்குத்தான் அக்கா தெரு இருக்கிறதே, இளிச்சவாய்த் தெரு.

எழுதி முடித்ததும் என்னையே கேட்டேன் - அக்கா அங்கே இல்லாவிட்டாலும் இதைத்தான் எழுதியிருப்பேனா? ஆமாம். மறுபடி கேட்டேன். ஆமாம். அப்புறம் ஏன் மறுபடி மறுபடி கேட்கிறேன்?

ஏப்ரல் 1, செவ்வாய்

பில்டர் வந்தார். உட்காரவில்லை.

"உங்க அக்கா வாசலக் காப்பாத்த என் வாசல அடைக்கிறீங்க."

"தெரு அகலத்த நீங்களே அளந்து பாருங்க."

"நான் அளக்க வேண்டியத அளந்துட்டேன் மேடம். அந்தக் கடைசி வீடு யாரோடதுன்னும் விசாரிச்சுட்டேன்." சிரித்தார். குடை பிடித்த அதே சிரிப்பு. "மேல போய்ப் பேசிக்கிறேன்."

போகட்டும். நான் மறைத்தால்தானே பயப்பட வேண்டும். முதல் நாளே சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஃபைல் என்னிடம் இல்லை.

பஞ்சு கூப்பிட்டார். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உங்க நல்லதுக்குத்தான். சொந்தக்காரங்க சமாச்சாரம் இருக்கும்போது நீங்க எடுத்திருக்கவே கூடாது."

"நான் எடுக்கல சார். நீங்க குடுத்தீங்க. வேண்டாம்னு வந்து நின்னேன்."

"அப்படியா? சரி, இருக்கட்டும். இப்ப அந்தப் பொண்ணு பாக்கட்டும்."

அந்தப் பொண்ணு என் முகத்தைப் பார்க்காமல் ஃபைலை எடுத்துக்கொண்டு போனது. அதன்மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? ஆனாலும் கோபம் வந்தது. அதன்மேல், பஞ்சுமேல், மின்விசிறிமேல்.

ஏப்ரல் 5, சனி

வீட்டுக்காரரோடு சண்டை. காரணம் துவைத்த துணி. காரணம் துவைத்த துணி இல்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

புது அறிக்கையை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். ஐம்பத்திரண்டு மனையும் அப்படியே. பள்ளத்தைப் பற்றி ஒரு வரி, 'மண் நிரப்பிச் சமன் செய்யப்படும்'. நுழைவாயில் தெற்கில். கம்பம் இல்லை, வடக்கு வழி இல்லை. தெரு அகலம் 'போதுமானது'.

அறிக்கையில் எழுதியவர் பெயர் போடும் வழக்கம் எங்கள் அலுவலகத்தில் இல்லை. முத்திரை மட்டும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

எழுதிவிட்டால் மனசு அடங்குமா பார்க்கலாம்.

அக்கா போன் செய்து வரச் சொன்னாள். போனேன். மாமா ஹாலில் இருந்தார். நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து பின்பக்கம் போய்விட்டார். அப்போதே தெரிந்துவிட்டது.

"இதுதான் நீ எங்களுக்குச் செஞ்சதா?" பலகையில் ஒட்டியிருந்ததை யாரோ போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். யாரோ என்ன, பல் டாக்டர்தான்.

"அத நான் எழுதல அக்கா. ஃபைல என்கிட்டேருந்து வாங்கிட்டாங்க."

"உங்க ஆபீஸ் முத்திரை இருக்கு."

"முத்திரை ஆபீஸோடது. நான் எழுதினது வேற. வண்டி வடக்கால வரணும்னுதான் எழுதினேன். வீடு கட்டிக்கட்டும், ஆனா -"

"வீடு கட்டிக்கட்டும்னு எழுதினியா?"

அங்கே பிடித்துக்கொண்டாள். மற்றது எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

"ஊருல ஜனங்க எங்கதான் இருக்கிறது அக்கா? நாம இருந்த வீட்ட மறந்துட்டியா?"

"எனக்கு ஊரப் பத்திப் பாடம் எடுக்காத. எனக்கு ஒரு தெரு வேணும். ஒண்ணே ஒண்ணு. என் பொண்ணு பயமில்லாம நடக்க. அதக்கூட உன்னால குடுக்க முடியல. குடை பிடிச்சா நின்னுக்க மட்டும் தெரியுது."

அதற்கு அப்புறம் நான் சொன்னதை எழுதத்தான் வேண்டும். நான் சொன்னேன், "நீ அவளக் காப்பாத்தல. பூட்டி வெச்சிருக்க. அவளுக்குத் தெரு வேணாம், ஆளுங்க வேணும். சுவர் இடிஞ்சா பயம் உனக்குத்தான், அவளுக்கு இல்ல."

அக்கா செருப்பைப் பார்த்தாள். என் செருப்பை. அவ்வளவுதான்.

சிட்டு வாசல்வரை வந்து, "நாளைக்கு வருவியா சித்தி?" என்றாள்.

ஏப்ரல் 17, வியாழன்

போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

எடுக்கவில்லை. நானும் இனிச் செய்யப்போவதில்லை. எத்தனை நாளைக்கு நானே தங்கச்சியாக இருப்பது?

ஏப்ரல் 24, வியாழன்

கருத்துக்கேட்புக் கூட்டம். சமூகக்கூடத்தில் நாற்காலி போதாமல் ஜனங்கள் சுவரோரம் நின்றார்கள். மேடையில் திட்டக் குழு உறுப்பினர்கள். நடுவில் தலைவி, ஒரு காலத்தில் பள்ளி முதல்வராக இருந்த அம்மாள். இன்னும் மணி அடிக்கும் கை. ஆளுக்கு மூன்று நிமிஷம் என்றார்.

என்னைக் கூட்டத்துக்கு வரச் சொல்லவில்லை. லீவு போட்டுவிட்டுப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெண் என்னை அடையாளம் கண்டு தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நான் என்ன பையையா தூக்கிக்கொண்டு போகப்போகிறேன்?

பில்டர் பேசினார். கூச்சல். பல் டாக்டர் பேசினார். கைதட்டல். 'நம் தெருவின் தன்மை' என்று எத்தனையோ தரம் சொன்னார். தன்மை என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் அந்தக் கூட்டத்துக்கு இல்லை.

அப்புறம் அக்கா. சிட்டுவைக் கையோடு அழைத்துக்கொண்டு மைக் முன்னால் வந்தாள். வேண்டாம் அக்கா, அவளைக் காட்டாதே. பல் டாக்டர் முன்வரிசையிலிருந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். அவருடைய யோசனைதான் இது.

அக்கா எழுதிக்கொண்டு வரவில்லை. "இந்த ரிப்போர்ட் எழுதின அதிகாரியம்மா என் கூடப் பொறந்தவ. சின்ன வயசுலேருந்து நான் வளத்தேன். அதனால சொல்றேன். யார் குடை பிடிச்சாலும் அவ கீழ போய் நின்னுக்குவா." கூடமே திரும்பி என்னைப் பார்த்தது. சிலர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "இது என் பொண்ணு. இவளுக்கு இருக்கிறது அந்தத் தெரு ஒண்ணுதான்."

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "நீ ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று நேராகச் சிட்டுவைக் கேட்டார். அவளைக் கேட்பார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, பல் டாக்டரும்தான்.

சிட்டு மைக்கைத் தொட்டுப் பார்த்தாள். "வீடு கட்டினா யார் யார் வருவாங்க?"

"அது இன்னும் தெரியாதும்மா."

"என் வயசுல யாராவது வருவாங்களா?"

எங்கோ ஒருவர் இருமினார். அக்கா அவள் தோளைப் பிடித்துத் திருப்பி நாற்காலிக்கு அழைத்துக்கொண்டு போனாள். இருவர் முகத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை.

நான் எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது தலைவி, "ஆபீஸ் சார்பா பேசுறீங்களா?" என்றார்.

"இல்லம்மா. வீட்டு வரி கட்டுறவளாப் பேசுறேன்."

முன்வரிசையில் பஞ்சுவின் கழுத்து விறைத்தது.

எனக்குப் பின்னாலிருந்து யாரோ "உக்காரும்மா, வாங்கினது போதும்" என்றான். தலைவி மணியைத் தட்டினார். நான் தெரு அகலத்தைச் சொன்னேன். தீயணைப்பு வண்டியைச் சொன்னேன். வரைபடத்தில் இல்லாத பள்ளத்தைச் சொன்னேன். அங்கே வீடு கட்டினால் முதல் மழைக்கே வாங்கினவன் கட்டிலின்மேல் உட்கார்ந்திருப்பான் என்றேன். வண்டி வடக்கால் வரட்டும், தெருவில் ஆள் மட்டும் நடக்கட்டும். கடைசியாக, "வீடு வரணும். யார் வருவாங்கன்னு பயந்து வேணாம்னு சொல்றது காரணம் இல்ல. நானும் அந்த மாதிரி ஆளுதான், எங்க அக்காவும்தான்" என்றேன்.

சிட்டுவின் பெயரை எடுக்கவில்லை. ஏற்கெனவே அவளை வைத்து ஒரு கூட்டம் நடந்து முடிந்திருந்தது.

யாரும் கைதட்டவில்லை. இரண்டு பக்கமும் பிடிக்காத பேச்சுக்கு எவன் தட்டுவான்?

ஏப்ரல் 25, வெள்ளி

அலுவலக அறிக்கைக்கு எதிராகப் பொதுமேடையில் பேசியதற்கு விளக்கம் கேட்டார் பஞ்சு. 'தெரு அகலம் போதாது' என்று எழுதிக் கொடுத்தேன். அதற்குமேல் விளக்க என்ன இருக்கிறது?

கழிவறையில் புதுப் பொண்ணு கை கழுவிக்கொண்டிருந்தது. "மேடம், நான் நீங்க எழுதினதத்தான் முதல்ல வெச்சிருந்தேன். மாத்தச் சொன்னாங்க," என்றது. அழப்போகிற மாதிரி இருந்தது. "குழாய மூடு, தண்ணி போகுது" என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

மே 15, வியாழன்

குழு முடிவு வந்துவிட்டது. அனுமதி. ஆனால் நாற்பத்துநான்கு மனை. பள்ளம் அப்படியே விடப்பட வேண்டும். வண்டிப் பாதை வடக்கில் மட்டும். அந்தத் துண்டு நிலத்தை வாங்கிக்காட்டிய பிறகுதான் வேலை தொடங்கலாம். தெற்கில் சுவரைத் திறந்து குட்டைக் கம்பங்கள், நடைவழி மட்டும்.

நான் எழுதியது. கிட்டத்தட்ட வரிக்கு வரி.

சந்தோஷப்பட வேண்டும் இல்லையா? மத்தியானம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தரும் வந்து பேசவில்லை.

மே 16, வெள்ளி

அக்கா கூப்பிட்டாள். போனில் அவள் பெயரைப் பார்த்ததும் - வெட்கமில்லாமல் - மனசு குளிர்ந்துவிட்டது. வண்டி வராது என்று தெரிந்துகொண்டு கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

"சந்தோஷமா?"

"அக்கா, ஒரு கார்கூட உன் வாசல்ல -"

"அந்த ரிப்போர்ட்ட வெச்சுக்கிட்டு அவங்க ஜெயிச்சிருக்கவே முடியாது. டாக்டர் சொல்றார், கமிட்டியிலேயே பாதிப் பேர் மொத்தமாத் தள்ளத்தான் இருந்தாங்களாம். நீ போய் நின்னு, இப்படிச் செய்யி அப்படிச் செய்யின்னு வழி சொல்லிக் குடுத்த. உன்னாலதான் பாஸாச்சு."

அது உண்மையாகவும் இருக்கலாம்.

"சுவர் போயிடுச்சு. இனிமே அந்தப் பக்கம் போனா எங்க போய்த் தேடுவேன் அவள? வண்டி வரலன்னா போதுமா? மனுஷங்க வருவாங்கல்ல, எப்பேர்ப்பட்டவனோ. இனிமே இந்தப் பக்கம் வராத."

வைத்துவிட்டாள். பல் டாக்டர் வார்த்தையை அவள் வாயில் கேட்டதுதான் எனக்கு ஆறவில்லை. ஆனால் அவர் பயம் வேறு, இவள் பயம் வேறு. எனக்கு அது தெரியும். தெரிந்தும் கோபம்தான் வருகிறது. வராதே என்றால் வரமாட்டேன். நான் மட்டும் என்ன கல்லா?

ஜூன் 2, திங்கள்

மாற்றல். திட்டப் பிரிவிலிருந்து கீழ்த்தளம், ஏழாம் கவுன்ட்டர். சுற்றுச்சுவர், கேட், கூரைச் சாய்ப்பு, படிக்கட்டு நீட்டிப்பு. இத்தனை வருஷ வேலைக்கு அப்புறம் சுவர் உயரம் பார்க்கிறேன். 'பதவி உயர்வுக்கு நிகரான பொறுப்பு' என்றார் பஞ்சு. இந்தத் தடவை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

கிடங்குக்காரர் நிலத்தை விற்றுவிட்டாராம். வேலை தொடங்கிவிட்டது.

டிசம்பர் 14, ஞாயிறு

சலவைக்கடை வழியாக வந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் சிட்டு துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். கை அசைத்தாள். நான் உள்ளே போகவில்லை. போனால் அக்காவிடம் சொல்வாள். அவளுக்கு மறைக்கத் தெரியாது. வெளியில் நின்றே கை அசைத்தேன். ஒரு பைத்தியம் மாதிரி ரொம்ப நேரம் அசைத்துக்கொண்டு நின்றேன்.

ஜூலை 8, புதன்

மாமா பஸ் நிறுத்தத்தில் கண்ணில் பட்டார். நின்று பேசினார், பாவம், அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே. பின்பக்கத்துப் புது வீடுகளில் குடிவந்துவிட்டார்களாம். அக்கா வீட்டுப் பின்சுவருக்கு நேர் பின்னால் ஒரு தையல்காரம்மா. துணி தைத்துக் கடைகளுக்கு அனுப்புகிறவர். சிட்டு நடந்துகொண்டே போய் ஒருநாள் அவர் வீட்டு வாசலில் நின்றிருக்கிறாள். அக்கா ஓடிப்போய்ப் பார்த்தால், இவள் உள்ளே உட்கார்ந்து தைத்த சட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறாள்.

"உங்க அக்கா திட்டினாளா?" என்று அவரே கேட்டு, அவரே, "மொதல்ல திட்டினா" என்றார்.

பஸ் வந்துவிட்டது.

நவம்பர் 12, வியாழன்

ஏழாம் கவுன்ட்டரில் வியாழன் என்றால் கூட்டம். தலை நிமிராமல் "டோக்கன்?" என்று கையை நீட்டினேன். டோக்கனைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளிய விரலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

அக்கா இளைத்திருந்தாள். கண்ணாடி மாற்றியிருக்கிறாள். வரிசையில் நின்றுதான் வந்திருக்கிறாள். பெயரைச் சொல்லி உள்ளே வந்திருக்கலாம், வரவில்லை. அது அவள் குணம்.

"இதுக்கு நீதான் கையெழுத்துப் போடணுமா?"

"நான்தான்."

"வேற யாரும் இல்லையா?"

"லீவுல இருக்காங்க."

இல்லை. வேறு யாரும் எப்போதுமே இல்லை. ஆனால் அப்படிச் சொல்லத் தோன்றியது.

மனுவை நீட்டினாள். பின்பக்கச் சுற்றுச்சுவரில் ஒரு கதவு வைக்க அனுமதி. மாமா அளவுகோல் வைத்து வரைந்திருக்கிறார். கதவைவிடச் சுவர் மெலிசாக இருக்கிறது. கவுன்ட்டரில் எல்லாரையும் கேட்பதைக் கேட்டேன்.

"என்ன உபயோகத்துக்கு?"

"சுத்திப் போக வேண்டியிருக்கு. கம்பத்தச் சுத்தி, பூங்காவச் சுத்தி. வெயில்ல. தினம் ரெண்டு வேளை போறா அந்தத் தையக்காரம்மா வீட்டுக்கு. சொன்னா கேக்கறாளா?" என்னைப் பார்க்காமல், என் பக்கத்தில் இருந்த பசை டப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

"அகலம்?"

"ஒரு ஆள் போற அளவு."

"தாழ்ப்பாள் உள்பக்கமா, வெளிப்பக்கமா?" அந்தக் கேள்வி மனுவில் இல்லை. வாயில் வந்துவிட்டது.

"தாழ்ப்பாள் எதுக்கு? தள்ளினாத் திறக்கற மாதிரி போதும். அவ பாட்டுக்குப் போய் அவ பாட்டுக்கு வரட்டும்."

நான் குனிந்து எழுதிக்கொண்டேன். எழுத வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் குனிந்திருந்தேன்.

"நேர்ல வந்து சுவரப் பாக்காம கையெழுத்துப் போட முடியாது," என்றேன். "விதி அப்படி. நாளைக்கு வரலாமா?"

பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்தார். அக்கா பையின் ஜிப்பை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

"மத்தியானமா வா. வர வழியில எங்கயாவது சாப்பிட்டுட்டு வந்து நிக்காத," என்றாள்.

அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.